இரண்டு தெரு தள்ளி நிற்கும் வண்டி

புதுக்கோட்டையில் பல் வலி என்று டாக்டரைப் பார்க்கப் போகிறவர் வண்டியைக் கிளினிக் வாசலிலேயே நிறுத்துகிறார். மனசு சரியில்லை என்று போகிறவர் இரண்டு தெரு தள்ளி, ஏதாவது ஜவுளிக்கடை முன்னால் நிறுத்திவிட்டு நடந்து வருகிறார். நூல் பிடித்தாற்போல் ராஜ வீதிகள் ஓடும் ஊர் இது. ஒரு முனையில் நின்றால் மறுமுனையில் யார் போகிறார்கள் என்று தெரியும். நகராட்சி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. வண்டி நம்பரை வைத்து ஆளைச் சொல்லிவிடும் பழக்கம் மட்டும் போகவில்லை.

சின்ன ஊரில் மனநலத்துக்கு டாக்டர் எங்கே இருக்கிறார் என்று கேட்பது வழக்கம். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் சிகிச்சைக்கு வந்து சேர்ந்தவர்களிடம் பேசப் பேச வேறொன்று தெளிவாகிறது. டாக்டர் இருந்தார். அவர் கிளினிக் இருக்கும் தெருவும் தெரிந்திருந்தது. அந்தத் தெருவில் கால் வைக்காமல் குணமாகிவிட வேண்டும் என்று அவர்கள் சுற்றிய சுற்றில் இரண்டு மூன்று வருடம் போயிருக்கிறது. சிலருக்கு நகை போயிருக்கிறது, சிலருக்கு வேலை.

மளிகைக்கடை வைத்திருக்கும் ஒருவரின் கதை கிட்டத்தட்ட எல்லோருடைய கதையும்தான். ஓர் இரவு கல்லாவை எண்ணிக்கொண்டிருந்தபோது நெஞ்சு படபடவென்று அடித்தது. உள்ளங்கை வேர்த்தது, மூச்சு முட்டியது, இதோ செத்துவிடப் போகிறோம் என்று தோன்றியது. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினார்கள். இசிஜி நார்மல். ‘கேஸ் டிரபிளா இருக்கும்’ என்று ஓர் ஊசி. அடுத்த வாரம் மறுபடி அதே படபடப்பு. இந்த முறை எக்கோ, டிரெட்மில், அவையும் நார்மல். மச்சினன் சொல்லித் திருச்சியில் நரம்பு டாக்டர், தலைக்கு ஸ்கேன். அதுவும் நார்மல். நார்மல் என்று வந்த ஒவ்வொரு தாளும் அவருக்கு ஆறுதல் தரவில்லை, பயத்தைத்தான் கூட்டியது. டாக்டர்களுக்கே பிடிபடாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். வீட்டில் செய்வினை என்றார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டினார்கள்.

நடுவில் யாரோ ஒரு டாக்டர் தூக்கத்துக்கு என்று அல்பிரஸோலாம் எழுதிக் கொடுத்தார். அது கைகண்ட மருந்தாக வேலை செய்தது. அங்கேதான் வினை. ஐந்து நாளைக்கு எழுதிய சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் அதே சீட்டைக் காட்டி வாங்கிச் சாப்பிட்டார். சட்டப்படி அல்பிரஸோலாம் அட்டவணை எச்1 மருந்து. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, யாருக்கு விற்றோம் என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நடைமுறையில் தெரிந்த முகம் என்றால் சீட்டே வேண்டியதில்லை. ஒரு மாத்திரை இரண்டானது. நிறுத்தினால் கை நடுங்கியது. பழைய படபடப்போடு மாத்திரை நோயும் சேர்ந்துகொண்ட பிறகுதான் மனநல மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

‘பேனிக் அட்டாக்’ என்று அங்கே இருபது நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். ஆபத்து வந்தால் உடம்பு அடிக்கும் எச்சரிக்கை மணி, ஆபத்து இல்லாதபோதும் அடித்துவிடுகிறது. சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். உயிர் போகாது. இதற்குத் தரும் எஸிடாலோப்ராம் வகை மாத்திரை வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். போட்டவுடன் கேட்காது. இந்த ஒரு விவரத்தைச் சொல்லாமல் அனுப்பினால் பத்தாவது நாளில் ‘கேட்கல’ என்று மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். நிறையப் பேர் எறிகிறார்கள்.

இந்த மனிதர் ஏமாளி என்று நினைத்துவிடக் கூடாது. இதயம், வயிறு, நரம்பு என்று அவர் போன ஒவ்வோர் இடத்துக்கும் தலை நிமிர்ந்து போக முடிந்தது. அதனால்தான் போனார். ஊரில் பல மனநல மருத்துவர்களின் பலகையில் நரம்பு, தலைவலி, தூக்கமின்மை எல்லாம் முதல் வரிசையில் இருப்பதும் இதனால்தான். நோயாளி படியேற ஒரு சாக்கு வேண்டும். தலைவலி நல்ல சாக்கு.

வரிசையில் நிற்பவர்கள்

எண்ணிக்கைக்கு வருவோம். இந்தியாவில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. குறைந்தது மூன்று பேராவது வேண்டும் என்கிறார்கள் துறையினர். புதுக்கோட்டை மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 16 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். சராசரியைப் போட்டால் பன்னிரண்டு மருத்துவர்கள் வர வேண்டும். ஆனால் சராசரி என்பது சென்னையையும் பெங்களூரையும் சேர்த்துப் போட்ட கணக்கு. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில் வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பது தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைப் பக்கமே வராதவர்கள்.

இத்தனைக்கும் மாவட்ட மனநலத் திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் பிள்ளையார் சுழி போட்டது பக்கத்து ஊர்தான். 1996இல் மத்திய அரசு இந்தத் திட்டத்தை நாட்டில் நான்கே மாவட்டங்களில் தொடங்கியபோது அதில் ஒன்று திருச்சி. இன்று மாநிலம் முழுக்க இருக்கிறது. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் கொண்ட குழு மாவட்டத்தின் பெரிய மருத்துவமனையிலும், முறை வைத்துத் தாலுகா மருத்துவமனைகளிலும் நோயாளிகளைப் பார்க்கிறது. மருந்து இலவசம். வெளியில் காசு கொடுத்து வாங்க வேண்டிய ரிஸ்பெரிடோனும் ஃப்ளூவாக்ஸெடினும் இங்கே காகித உறையில் போட்டுத் தருகிறார்கள். முள்ளூரில் 2017இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு திருச்சிக்கும் மதுரைக்கும் ஓட வேண்டிய அவசியம் பாதி குறைந்திருக்க வேண்டும். ஓடுகிறவர்கள் இன்னும் ஓடுகிறார்கள். திருச்சி பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் அங்கே யாருக்கும் நம்மைத் தெரியாது அல்லவா!

தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் ஒரு காலை நேரம். மேஜைக்கு இந்தப் பக்கம் இரண்டு ஸ்டூல். ஸ்டூலுக்குப் பின்னாலேயே அடுத்த நோயாளி, அவருக்குப் பின்னால் அவருடைய அண்ணன். மஞ்சள் பையில் பழைய சீட்டுகளோடு ஓர் அம்மா, பக்கத்தில் இருபத்தைந்து வயது மகன்.

“தூக்கம் எப்படி இருக்கு தம்பி?”

“தூங்குறான் சார்.”

“தம்பிகிட்டதாம்மா கேட்டேன்.”

மகன் அம்மாவைப் பார்த்தான். பிறகு பின்னால் நிற்பவர்களைப் பார்த்தான். “நல்லா தூங்குறேன்” என்றான். டாக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டாலும் அந்தக் கூட்டத்தில் அவன் சொல்லியிருக்க மாட்டான். நான்கைந்து நிமிடத்தில் சீட்டு எழுதியாகிவிட்டது. வரிசை வராந்தாவைத் தாண்டி வெளியே நின்றது. அந்த டாக்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு திரைச்சீலை போட்டிருந்தால் அந்தப் பையன் இன்னும் இரண்டு வாக்கியம் பேசியிருப்பான் என்று மட்டும் தோன்றியது. நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைத்திருப்பதை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் உரிமை என்றே சொல்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மே மாதம். திரைச்சீலை வந்தபாடில்லை.

பேசுவதற்கு ஆள்

மாத்திரை தருகிறவரைக் கண்டுபிடித்துவிடலாம். வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறவரைக் கண்டுபிடிப்பதுதான் குதிரைக் கொம்பு. இங்கேதான் குழப்பமும் அதிகம், ஏமாற்றும் அதிகம்.

மனநல மருத்துவர் என்பவர் எம்பிபிஎஸ் படித்து, மேலே மனநலம் படித்தவர். மருந்து எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். பேச்சுவழிச் சிகிச்சையும் உளவியல் சோதனைகளும் அவர் வேலை. இவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்கலாம், கேட்க வேண்டும். கவுன்சலர் என்ற பலகைக்குத்தான் இதுவரை வேலியே இல்லை. இரண்டு வருடம் படித்துப் பயிற்சி எடுத்தவரும் அதே பலகைதான் மாட்டுகிறார், வார இறுதிப் பயிலரங்கில் சான்றிதழ் வாங்கியவரும் அதே பலகைதான். 2021இல் வந்த துணை மருத்துவத் துறையினருக்கான தேசிய ஆணையச் சட்டம் இவர்களையும் பதிவுக்குள் கொண்டுவருகிறது. அது முழுதாக ஊருக்கு வந்து சேரும்வரை நாம்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

விசாரிப்பதில் கூச்சம் வேண்டாம். மாப்பிள்ளைக்கு எத்தனை கேள்வி கேட்கிறோம்! என்ன படித்தீர்கள், யாரிடம் பயிற்சி, என் போன்ற பிரச்சினையை முன்பு பார்த்திருக்கிறீர்களா, எத்தனை முறை வர வேண்டியிருக்கும் என்று கேட்டால் நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார். மூன்றே அமர்வில் முழுக் குணம் என்று உத்தரவாதம் தருகிறவர், டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர், நீங்கள் சொன்னதை உங்கள் அப்பாவிடம் போட்டுக் கொடுக்கிறவர் ஆகிய மூன்று ரகத்தாரிடம் இரண்டாம் முறை போக வேண்டியதில்லை. ‘கடவுளை நம்புங்க, பாசிட்டிவா இருங்க’ என்று சொல்லி ஐந்நூறு ரூபாய் வாங்குகிறவரையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். அந்த அறிவுரை டீக்கடையிலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

நல்லவர் கிடைத்தாலும் சின்ன ஊருக்கே உரிய சங்கடம் ஒன்று உண்டு. ஊரில் இருப்பதே மூன்று பேர். ஒருவர் நாத்தனாரோடு படித்தவர். இன்னொருவர் மகள் படிக்கும் பள்ளிக்கு வாரம் இருமுறை வருகிறவர். மாமியாரைப் பற்றிப் பேச வேண்டிய பெண், மாமியாரின் ஒன்றுவிட்ட தங்கை மகளிடம் போய் எப்படிப் பேசுவாள்? நல்ல ஆலோசகர் இதைத் தானே சொல்லி வேறொருவரிடம் அனுப்பிவிடுவார். அனுப்ப வேறொருவர் வேண்டுமே.

அதனால் வீடியோ காலில் சென்னைக்காரரையோ கோவைக்காரரையோ பிடிக்கிறார்கள். ஒரு அமர்வு 500 முதல் 1,500 ரூபாய், பெயர் பெற்றவர் என்றால் அதற்கும் மேல். மனநோயையும் உடல் நோய்க்குச் சமமாகக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று அதே 2017 சட்டம் சொன்னாலும், பெரும்பாலான பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும், பேச்சுக்குத் தராது. பணத்தைக்கூடச் சமாளித்துவிடலாம். இரண்டு அறை வீட்டில் மாமனார் டிவி பார்க்கும்போது எந்த மூலையில் உட்கார்ந்து அழுவது? அறந்தாங்கி, ஆலங்குடிப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார். புருஷன் அங்கே, மனைவி இங்கே மாமியார் வீட்டில். அவளுக்குத் தனியாக ஒரு மணி நேரம் போன் பேசுவதே ஊர் வாயில் விழும் சமாச்சாரம். துணி காயப்போடும் சாக்கில் மொட்டை மாடிக்குப் போய்க் கவுன்சலிங் எடுத்துக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் அதுவும் இல்லை.

காசே இல்லாதவருக்கும் நடு இரவில் தவிப்பவருக்கும் 14416 என்ற எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர் வைத்தார்கள். இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. முதலில் ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார், பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வழிசொல்வார். வாரா வாரம் ஒரே ஆளிடம் தொடர்ந்து பேசும் சிகிச்சைக்கு இது மாற்று ஆகாது. அன்றைய இரவைக் கடப்பதற்கு ஆகும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் தமிழ்நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். முயன்று பிழைத்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இல்லை.

டெலி மானஸுக்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே இந்த மாவட்டம் வீடியோ மருத்துவத்தைப் பார்த்தாயிற்று என்பது ஊரிலேயே பலருக்குத் தெரியாது. டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் மனநல அமைப்பு, 2010இல் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை விட்டது. உள்ளே ஒரு பக்கம் ஆலோசனை அறை, இன்னொரு பக்கம் மருந்தகம். நோயாளி பஸ்ஸுக்குள் உட்காருவார், திரையில் சென்னை டாக்டர். பஸ் என்றால் கிராமத்துக்கு வேடிக்கை. அந்த வேடிக்கையோடு விழிப்புணர்வுப் படமும் போட்டுக் காட்டினார்கள். வருடக்கணக்கில் வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்தவர்களை மருந்துக்குக் கொண்டுவந்தது அந்த ஏற்பாடு.

கோயில், தர்கா, கல்யாணம்

டாக்டருக்கு முன்னால் தெய்வத்திடம் போகிறார்கள் என்று பட்டணத்துக்காரர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கினால் சித்தம் தெளியும் என்பது காவிரிக் கரை நம்பிக்கை. முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்தாரும் போகிறார்கள். அங்கே தர்காவுக்கு வெளியே தனியார் நடத்திய காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது. அதன் பிறகுதான் சங்கிலிக்கு எதிராக அரசு விழித்துக்கொண்டது. 2017 சட்டம் எந்த வகையிலும் சங்கிலி போடக் கூடாது என்று தெளிவாகத் தடுத்தது. ஏர்வாடியில் இப்போது தர்காவுக்குப் பக்கத்திலேயே அரசின் மனநல மருத்துவமும் கிடைக்கிறது. துவாவும் செய்துகொள்ளலாம், மாத்திரையும் வாங்கிக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. கோயிலுக்குப் போகிறவரை யாரும் ஏன் போனாய் என்று கேட்பதில்லை. கேள்வி கேட்காத இடத்துக்கு மருத்துவம் போய்ச் சேர்வது புத்திசாலித்தனம்.

மருத்துவம் போய்ச் சேராத துயரம் ஒன்றும் இங்கே உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கம் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போனது நினைவிருக்கும். நட்டுப் பல வருடம் தண்ணீர் சுமந்து வளர்த்த தோப்பு ஒரே இரவில் போனது. அதற்குப் பிறகு காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே எழுந்து உட்கார்ந்துகொள்ளும் விவசாயிகளைப் பற்றி அவர்கள் வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். நிவாரணக் கணக்கில் மரத்துக்கு இவ்வளவு என்று இருந்தது.

எல்லா மறைப்புக்கும் அடியில் கடைசியில் கிடைப்பது கல்யாணம். சம்பந்தம் பேசும்போது ஊரில் விசாரிப்பார்கள். மெடிக்கல் ஷாப்பில்கூட விசாரிப்பார்கள். அதனாலேயே உள்ளூர் டாக்டர் எழுதிய சீட்டுக்குத் திருச்சியில் மருந்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பெண் பார்க்க வரும் வாரத்தில் மகளின் மாத்திரையை நிறுத்தி வைத்து, பழைய நிலைக்குக் கொண்டுபோன பெற்றோரும் உண்டு. இந்தப் பயம் முழுக்க மூடத்தனம் இல்லை. இந்துத் திருமணச் சட்டம் தீராத மனநோயை விவாகரத்துக்கு ஒரு காரணமாக வைத்திருக்கிறது. ஆனால் ஸ்கிட்ஸோஃப்ரினியா என்று பெயர் இருப்பது மட்டும் போதாது, சேர்ந்து வாழ்வதை நியாயமாக எதிர்பார்க்கவே முடியாத அளவு தீவிரமாக இருக்க வேண்டும் என்று 1988இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனச்சோர்வுக்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டவரை அந்தப் பிரிவு தொடாது. இதை வக்கீல்கள் சொல்வதைவிட டாக்டர்கள் சொன்னால் காதில் ஏறும். சொல்ல அவர்களுக்கு நான்கு நிமிடம்தான் இருக்கிறது.

வெட்கத்தை ஊர் மொத்தமும் சேர்ந்து உதறியதற்கு இந்த மாவட்டத்திலேயே சரித்திரம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அதற்கு முன் சைக்கிளில் போகும் பெண்ணைப் பார்த்து விசிலடித்த தெருக்கள் இவை. கிராம செவிலியர், அங்கன்வாடி ஊழியர், கல்குவாரிக் கூலி என்று ஆயிரக்கணக்கில் பெண்கள் ஓட்டத் தொடங்கியதும் யாரைப் பார்த்து விசிலடிப்பது என்று தெரியாமல் போனது. ஒருத்தி ஓட்டினால்தான் கேலி.

மனநலப் பிரிவுக்கு அப்படி ஊர்வலம் போக முடியாதுதான். ஆனால் மகளிர் குழுக் கூட்டத்தில், நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில், கிராம செவிலியர் வாயால் இந்தப் பேச்சு சாதாரணமாக வந்து விழலாம். சந்தை எந்தக் கிழமை என்று இந்த மாவட்டத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மனநலக் குழு தங்கள் தாலுகா மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறது என்று பெரியவர்களைக் கேட்டுப் பார்த்தேன்; குழு என்று ஒன்று வருவதே அவர்களுக்குச் செய்தியாக இருந்தது. மருத்துவமனைச் சுவரில் தடுப்பூசிக்கும் குடும்ப நலத்துக்கும் பெரிய எழுத்தில் விளம்பரம் இருக்கிறது. பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறது. கிழமை, நேரம், அறை எண் எழுதி, கீழே 14416 என்று போட ஒரு டப்பா பெயின்ட் போதும். அந்தச் சுவர் மருத்துவமனை வாசலில் மட்டும் இல்லாமல் பஸ் ஸ்டாண்டிலும் ரேஷன் கடையிலும் இருந்தால் நின்று படிப்பவரை யாரும் சந்தேகமாகப் பார்க்க மாட்டார்கள். அங்கே எல்லோரும்தான் நிற்கிறார்கள்.